கடைக்கு வராத இசைத்தட்டு

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெம்ஃபிஸ் என்றொரு நகரம் உண்டு. நைல் நதிக்கரையில் பண்டை மிஸ்ரு நாட்டின் தலைநகராக விளங்கிய மெம்ஃபிஸின் பெயரையே, பேராற்றின் கரையில் அமைந்த தம் ஊருக்கும் அதனை நிறுவியவர்கள் சூட்டிக்கொண்டார்கள். பருத்தி வாணிபத்தால் செழித்த ஊர். அடிமைகளின் வியர்வையால் செழித்த ஊர் என்று சொன்னாலும் பிழையில்லை. துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான். நம்மில் பலரும் மெம்ஃபிஸை அறிந்திருப்பது இந்தத் துயரச் செய்தியின் வாயிலாகவே.

ஆயினும் அந்நகருக்கு வேறொரு புகழும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி என்னும் பாடகர் 1954இல் தம் முதல் இசைத்தட்டுக்காகப் பாடியது அங்கே, சன் என்ற சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடத்தில். பழைய திரையரங்கம் ஒன்றைப் பிடித்து, அதன் சரிந்த தரையைக்கூடச் சமன் செய்யாமல், ஸ்டாக்ஸ் என்னும் நிறுவனம் கறுப்பின மக்களின் பாடல்களைப் பதிவு செய்து உலகெங்கும் அனுப்பியதும் அங்கே. ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற வெள்ளையினச் சகோதர சகோதரியர் தொடங்கிய நிறுவனம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உணவருந்த இயலாதிருந்த காலத்தில், அந்தக் கூடத்தில் இரு சாராரும் தோளோடு தோள் உரச அமர்ந்து வாசித்தார்கள்.

இந்த ஊரில் 1972ஆம் ஆண்டில், இருபது வயதை ஒட்டிய நான்கு இளைஞர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதைப் பற்றித்தான் எழுத முற்படுகிறேன்.

குடும்பப் பத்திரிகையில் ஆங்கிலப் பாட்டுக் குழுவுக்கு என்ன வேலை என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்கள் இருப்பார்கள். இசை ஆகுமா, ஆகாதா என்ற வினாவை நான் தொடவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள். பாடுபட்டுச் செய்த ஒரு பொருள், அதனை விரும்பி நிற்பவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் செய்தவருக்கு என்ன நேர்கிறது என்பதே என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த செய்தி. அதற்கு இந்த நால்வரின் கதையைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதை என் செவிக்கு எட்டியது என் தங்கை மகனால். சென்னையில் பொறியியல் படிக்கும் பிள்ளை. உடன் படிக்கும் மூவரோடு சேர்ந்து கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு குழு வைத்திருக்கிறான். தாங்களே எழுதிய ஆறு பாடல்களை, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் பதிவு செய்யப்போவதாகச் சொன்னான். மச்சானுக்கு, அதாவது அவன் தகப்பனாருக்கு, இது அறவே பிடிக்கவில்லை. இருபது ஆண்டுகள் வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்தவர் அவர். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

"மாமா, வாப்பாகிட்ட நீங்கதான் பேசணும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான் மருமகன்.

"பேசுவது இருக்கட்டும். நீங்கள் பாடுவது என்ன வகைப் பாட்டு? அதை முதலில் சொல்" என்றேன்.

பவர் பாப் என்றான். அது எனக்கு அரபியும் அல்லாத, ஆங்கிலமும் அல்லாத ஏதோ ஒரு மொழியாகக் கேட்டது. என் செவி நாகூர் ஹனீபாவின் கணீரென்ற குரலில் வளர்ந்த செவி. "கேளுங்க மாமா, எங்களுக்கெல்லாம் இதுதான் உஸ்தாது" என்று சொல்லி, அந்த மெம்ஃபிஸ் இளைஞர்களின் தட்டை முதலிலிருந்து முடிவு வரை ஒலிக்க விட்டான்.

பவர் பாப் என்ற சொல்லை 1967இல் முதன்முதலில் வழங்கியவர், தி ஹூ என்னும் ஆங்கிலக் குழுவின் பீட் டவுன்செண்ட் என்பார்கள். மின்கிட்டாரின் முழக்கம் ஒரு பக்கம். ஒரே முறை கேட்டாலும் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் எளிய மெட்டு மறுபக்கம். இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று தழுவிப் பாடும். எல்லாம் மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பீட்டில்ஸ் என்ற புகழ்பெற்ற குழு 1970இல் பிரிந்தபோது, அவர்களுடைய தொடக்ககாலப் பாடல்களில் மனம் தோய்ந்திருந்த இளைஞர்கள் ஆங்காங்கே இவ்வகையைக் கையில் எடுத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் அப்போது அடித்த காற்று வேறு. ஒரு பாட்டையே கால்மணி நேரம் இழுத்து வாசிப்பதுதான் பெருமை என்று கருதப்பட்ட காலம் அது. மூன்று நிமிடப் பாட்டு, சிறுபிள்ளைகளின் சமாசாரம் என்று ஒதுக்கப்பட்டது.

மெம்ஃபிஸ் நால்வரின் பெயர்கள் இவை: கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ். முதல் இருவரும் கிட்டார் வாசித்துப் பாடினார்கள்; ஹம்மல் பேஸ் கிட்டார்; ஸ்டீபன்ஸ் டிரம்ஸ். இவர்களுள் உலகம் ஏற்கெனவே அறிந்திருந்தவர் சில்டன் ஒருவரே. தம் பதினாறாம் வயதில், பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' 1967இல் அமெரிக்காவெங்கும் முதலிடத்தைப் பிடித்த பாட்டு. அவ்வளவு சிறிய வயதில் அவ்வளவு பெரிய புகழ்! ஆனால் எதைப் பாடுவது, எப்படிப் பாடுவது என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்தார்கள். பிறர் எழுதியதைப் பாடிப் பாடிச் சலித்துப்போய், 1970இல் அதைவிட்டு வெளியேறி வந்தவர் அவர்.

ஆயினும் இக்குழுவின் உயிர்நாடி கிறிஸ் பெல்தான். ஆர்டென்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தையே வீடாக்கிக்கொண்டு கிடந்த இளைஞர். அக்கூடத்தின் உரிமையாளர் ஜான் ஃப்ரை ஓர் அபூர்வ மனிதர். ஆர்வமுள்ள இளைஞர்களுக்குக் கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்து, வாடகைக்கு ஆள் வராத இரவு நேரங்களில் கூடத்தையே அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுவார். அங்கே பெல் ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு நரம்பின் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கினார். நகை செய்பவர் பொடி வைத்து ஊதும் பொறுமையை நம் ஊர்ப் பத்தர்களிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமை இத்தட்டில் செவிக்குப் புலப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கும்போதும், கிட்டாரின் கம்பி விரலில் படும் ஓசைகூடத் தெளிவாக விழுகிறது.

குழுவுக்குப் பெயர் வைத்த கதை வேடிக்கையானது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அருகே பிக் ஸ்டார் என்ற பெயரில் ஒரு பல்பொருள் அங்காடி இருந்தது. பசித்தபோது தின்பண்டம் வாங்க அங்கேதான் போவார்கள். அந்தப் பெயரையே குழுவுக்கு வைத்துவிட்டார்கள். பெரிய நட்சத்திரம்! கடைக்காரர்களின் சின்னத்தை அப்படியே எடுத்தால் வழக்கு வரும் என்பதால், ஐந்துமுனை நட்சத்திரத்துக்குள் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தட்டின் உறையில் அது நியான் விளக்காக ஒளிர்கிறது. தட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் இன்னும் துணிச்சலானது: 'நம்பர் ஒன் ரெக்கார்டு'. எங்கள் முதல் தட்டு என்றும் கொள்ளலாம். விற்பனையில் முதலிடம் பிடிக்கும் தட்டு என்றும் கொள்ளலாம். அந்த இரண்டாவது பொருள்தான் பின்னால் அவர்களைக் குத்திக் காட்டியது.

பன்னிரண்டு பாடல்கள். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எனக்கு விளங்கவில்லை. மருமகன் அருகிலிருந்து பொருள் சொல்லி வந்தான். 'இன் தி ஸ்ட்ரீட்' என்பது, செய்வதற்கு ஒன்றுமில்லாத மாலை வேளையில் ஊர்த் தெருக்களில் வெறுமனே சுற்றிவரும் இளைஞர்களின் பாட்டு. பஜார் முனையில் அஸருக்குப் பின் கூடி நிற்கும் நம் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். 'தர்ட்டீன்' பெயருக்கேற்பப் பதின்மூன்று வயதுச் சிறுவனின் கூச்சத்தைப் பாடுவது. அதில் முழக்கம் எதுவும் இல்லை. மரக்கிட்டாரும் மெல்லிய குரல்களும் மட்டுமே. 'தி பாலட் ஆஃப் எல் கூடோ' என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் உயர்வாகத் தோன்றியது. உலகம் எதிர்த்து நின்றாலும் தன் நிலையில் ஊன்றி நிற்பேன் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போன்ற பாட்டு. பள்ளிவாசல் மாடத்தில் புறாக்கள் ஒன்றாக எழும்புவதுபோல் அதில் குரல்கள் ஒன்றாக எழுகின்றன.

'தி இந்தியா சாங்' என்று ஒன்று இருப்பதைக் கண்டதும் ஆவலோடு செவியைத் தீட்டிக்கொண்டேன். ஹம்மல் எழுதியது. சிதாரும் தபேலாவும் வரும் என்று பார்த்தால் ஒன்றையும் காணோம்! இந்தியாவுக்குப் போய்ச் சொகுசாக வாழலாமே என்று மெம்ஃபிஸில் உட்கார்ந்து ஒரு பிள்ளை கண்ட பகற்கனவு, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் அமெரிக்காவைக் கனவு காண்கிறார்கள். அவர்கள் நம்மைக் கண்டிருக்கிறார்கள். தட்டின் பின்பகுதி முன்பகுதியைவிடச் சற்றுத் தளர்ந்தது என்பது என் எண்ணம். மருமகன் இதை ஒப்புக்கொள்வதில்லை.

தட்டு வெளிவந்தது. பில்போர்டு, கேஷ்பாக்ஸ் ஆகிய வணிக ஏடுகள் பாராட்டின. ரோலிங் ஸ்டோன் இதழும் பாராட்டியது. வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்பின. கேட்டவர்கள் கடைகளுக்குப் போனார்கள். கடையில் தட்டு இல்லை!

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆர்டென்ட் நிறுவனம் தட்டைத் தயாரித்ததே தவிர, கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு முன்னே சொன்ன ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு உரியது. ஸ்டாக்ஸின் ஆட்கள் அறிந்த கடைகள், அறிந்த வானொலி நிலையங்கள் யாவும் கறுப்பின மக்களின் இசையைச் சார்ந்தவை. அவர்கள் தம் துறையில் சூரர்கள். ஆனால் வெள்ளைக்கார இளைஞர்கள் கிட்டாரை முழக்கிப் பாடிய தட்டை எந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அவர்களுக்குப் பழகாத வேலை. தட்டு போதிய அளவில் போய்ச் சேரவில்லை.

1972இன் பிற்பகுதியில் ஒரு நல்ல காலம் பிறப்பதுபோல் தோன்றியது. ஸ்டாக்ஸ், கொலம்பியா என்ற மாபெரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இனி விநியோகம் முழுவதும் கொலம்பியாவின் கையில். நாடெங்கும் கிளைகள் கொண்ட நிறுவனம் அல்லவா? ஆனால் நடந்தது நேர்மாறு. அதுவரை தட்டுகளை எடுத்துச் சென்ற சிறு விநியோகஸ்தர்களோடு வேலை செய்யக் கொலம்பியாவுக்கு விருப்பமில்லை. இத்தட்டின்மீதும் அதற்கு அக்கறை இல்லை. கடைகளில் கிடந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் திரும்ப எடுக்கப்பட்டன. ஒப்பந்தத்தைச் செய்துவைத்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் பதவி நீக்கப்பட்டார். அதன்பின் ஸ்டாக்ஸைத் திரும்பிப் பார்க்கவும் அங்கே நாதியில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் நிறுவனமே திவாலாகி மூடப்பட்டது. பாராட்டு மழையில் நனைந்த அந்த முதல் தட்டு, அக்காலத்தில் விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவான பிரதிகளே.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஜான் ஃப்ரை 1959இல் பள்ளிப் பருவத்தில், தம் வீட்டின் ஓர் அறையில் ஆர்டென்ட் கூடத்தைத் தொடங்கியபோது அவரோடு கூட்டாளிகளாக இருந்த சிறுவர்கள் இருவர். அவர்களுள் ஒருவர் ஃபிரெட் ஸ்மித். அவர் வளர்ந்து பெடரல் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கினார். ஆம், இன்று ஃபெடெக்ஸ் என்று உலகமெங்கும் பெயர் பெற்றிருக்கும் அதே நிறுவனம்தான்! 1973 ஏப்ரல் 17ஆம் நாள் இரவு, மெம்ஃபிஸ் விமான நிலையத்திலிருந்து பதினான்கு சிறு விமானங்கள் 186 பொதிகளோடு இருபத்தைந்து நகரங்களுக்குப் பறந்தன. எந்தப் பொருளையும் ஒரே இரவில் எந்த ஊருக்கும் சேர்ப்போம் என்ற தொழில் அங்கே பிறந்தது. அதே ஊரில், அதே மாதங்களில், அதே மனிதரின் பால்ய நண்பர் பதிவு செய்த இசைத்தட்டு அடுத்த தெருக் கடைக்குக்கூடப் போகாமல் கிடந்தது. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

மருமகன் இதைச் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ ஒன்று கசிந்துகொண்டிருந்தது. காரணம் உண்டு. 1994இல் என் கவிதைகளைத் தொகுத்து ஒரு நூலாகக் கொண்டுவந்தேன். மர்ஹூம் வாப்பா அவர்கள் விட்டுச்சென்ற சிறு தொகையில் அச்சிட்ட நூல் அது. ஆயிரம் பிரதிகள். நல்ல தாள், நல்ல கட்டு. சென்னையில் வெளியீட்டு விழா நடந்தது. பெரியவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். இரண்டு நாளிதழ்களில் மதிப்புரை வந்தது. ஒரு விற்பனையாளர் முந்நூறு பிரதிகளை எடுத்துச் சென்றார். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த முகவரியில் செருப்புக் கடை இருந்தது. நூலக ஆணை வரும், வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மதிப்புரையைப் படித்துவிட்டு நூல் எங்கே கிடைக்கும் என்று அஞ்சலட்டை எழுதியவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அவரவர்க்கு என் கைச்செலவில் அனுப்பிவைத்தேன்.

மீதிக் கட்டுகள் எங்கள் வீட்டு உள்ளறையில் அடுக்கப்பட்டன. ஐப்பசி மழையில் தரை ஓதம் காத்தபோது, என் மனைவி அந்தக் கட்டுகளைக் கட்டில் கால்களுக்கு அடியில் கொடுத்து உயர்த்தினாள். "எதுக்காவது உதவுதே" என்று அவள் சொன்னதில் கேலி இல்லை, ஆறுதல்தான் சொன்னாள். அடுத்த ஆண்டு கரையான் வந்தது. அதன்பின் நான் கவிதை எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் எழுத்து மோசம் என்றும் யாரும் சொல்லவில்லை. நிராகரிக்கப்பட்டால்கூடப் போராடத் தோன்றும். நன்று என்று சொல்லிவிட்டு அப்படியே மறந்துவிடுவார்களே, அதை எதிர்த்து எவரிடம் போராடுவது?

ஆகவேதான் கிறிஸ் பெல்லின் நிலை எனக்குப் புரிந்தது. மற்ற மூவருக்கும் அது ஒரு தோல்வி. பெல்லுக்கோ அது வாழ்வு முழுவதும். வெளிவந்த ஒரு சில மதிப்புரைகளும், ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த சில்டனையே முன்னிறுத்திப் பேசின. தாம் இரவு இரவாக இழைத்த வேலைக்கு இன்னொருவர் பெயர் முன்னே நிற்பதைக் காண்பது எளிதன்று. கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, 1972 முடிவதற்குள் குழுவைவிட்டு விலகினார். எஞ்சிய மூவர் 1974இல் 'ரேடியோ சிட்டி' என்ற இரண்டாவது தட்டை வெளியிட்டார்கள். அதற்கும் அதே கதி. மூன்றாவதைப் பதிவு செய்து முடித்தபோது வெளியிட ஆளே இல்லை. அது பெட்டியில் உறங்கி 1978இல்தான் வெளிச்சத்தைக் கண்டது.

பெல்லின் சகோதரர் டேவிட் அவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, அங்கே பாடல்களைப் பதிவு செய்ய வைத்தார். பின்னர் லண்டனில், பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளராக இருந்த ஜெஃப் எமரிக்கே அவற்றைச் செப்பனிட்டுத் தந்தார். சிறுவயது முதல் பீட்டில்ஸையே ஆதர்சமாகக் கொண்ட பிள்ளைக்கு இதைவிட என்ன பேறு வேண்டும்? ஆனாலும் எந்த நிறுவனமும் அப்பாடல்களை ஏற்கவில்லை. மெம்ஃபிஸுக்குத் திரும்பி, தம் தந்தையாரின் உணவகத் தொழிலில் வேலை பார்த்தார். 1978இல் ஒரு சிறு நிறுவனம் அவருடைய பாடல்களுள் இரண்டை மட்டும் ஒரு சிறு தட்டாக வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் பின்னிரவில் அவர் ஓட்டிச் சென்ற கார் கம்பத்தில் மோதியது. இருபத்தேழு வயது.

நல்ல சரக்கு என்றைக்காவது விலைபோகும், காலம் நீதி வழங்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் நூலைப் பற்றியும் நண்பர்கள் இப்படித்தான் சொன்னார்கள். எனக்கு இந்த வாக்கியத்தில் நம்பிக்கை இல்லை. காலம் சில்டனுக்கு ஓரளவு வழங்கியது. பெல்லுக்கு எங்கே வழங்கியது? உரிய நேரத்தில் இரண்டு விநியோகஸ்தர்கள் தம் வேலையைச் செய்திருந்தால், காலத்தைத் தொல்லை செய்ய வேண்டிய தேவையே இராது.

மருமகனிடம் நான் கேட்டதும் இதைத்தான். "பாட்டு நன்றாக இருக்கிறது. இதை எப்படிக் கேட்பவரிடம் சேர்க்கப்போகிறாய்?" அவன் சிரித்தான். "இப்ப கடையே கிடையாது மாமா. ஏத்திவிட்டா உலகம் பூரா கேக்கலாம்" என்றான். உண்மைதான். இன்று கடையின் அலமாரிக்கு எல்லையே இல்லை. ஆனால் எல்லையில்லாத அலமாரியில் ஒரு பொருளைத் தேடி எடுப்பவர் யார்? அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் நால்வரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். எந்தெந்தக் கல்லூரி விழாக்கள், எந்தெந்த எஃப்.எம். நிலையங்கள், எவரெவருக்கு நேரில் போய்க் கொடுப்பது என்று பட்டியல் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மச்சானிடம் பேசினேன். படிப்பில் ஒரு பாடமும் நிலுவை இல்லாமல் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பாட்டைக் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். அந்தத் தட்டுற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அவர் கேட்டார் என்பதே என் தங்கைக்குப் பெரிய செய்தி.

மெம்ஃபிஸ் தட்டின் பிற்காலக் கதை இனிமையானது. 1973 மே மாதம் மெம்ஃபிஸில் நடந்த இசை விமரிசகர்களின் கூட்டத்தில், பெல் இல்லாமல் மூவர் குழுவாக அவர்கள் வாசித்தார்கள். வந்திருந்தவர்கள் எழுதும் மனிதர்கள். தம் ஊர்களுக்குத் திரும்பி ஓயாமல் எழுதினார்கள். 1978இல் பிரிட்டனில் முதல் இரு தட்டுகளும் ஒன்றாக மறுபதிப்புக் கண்டன. பிரதி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்கு ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார்கள். ஆர்.ஈ.எம். என்ற புகழ்பெற்ற குழுவினர் தாங்கள் கற்றது இவர்களிடம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற குழு, 1987இல் அலெக்ஸ் சில்டன் என்ற பெயரிலேயே ஒரு பாட்டு இயற்றியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் சில்டன் நியூ ஆர்லியன்ஸ் நகர உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டிருந்தார்! 'இன் தி ஸ்ட்ரீட்' பாட்டு 1998இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டாகி வீடு வீடாகப் புகுந்தது. பாடியவர் யார் என்று பார்த்தவர்களில் பலருக்கும் தெரியாது. தொடரில் ஒலித்ததும் வேறொருவர் குரல். 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் தொகுத்த தலைசிறந்த ஐந்நூறு இசைத்தொகுப்புகளுள் அவர்களுடைய மூன்றும் இடம்பெற்றன.

1993இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் வானொலி நடத்திய மாணவர்கள் சிலர், வருவாரோ மாட்டாரோ என்ற ஐயத்தோடு சில்டனை அழைத்தார்கள். வருகிறேன் என்றார். ஏப்ரல் 25ஆம் நாள் சில்டனும் ஸ்டீபன்ஸும், போஸீஸ் என்ற குழுவின் இரு இளைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மேடையேறினார்கள். அந்த இளைஞர்கள் அப்பாடல்களைக் கேட்டே வளர்ந்தவர்கள். ஹம்மல் அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இசையை விட்டுவிட்டுப் பொறியாளராகி, டெக்சாஸில் விமானம் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மச்சான் இதைக் கேட்டால் மகிழ்வார்.

2010 மார்ச் 17ஆம் நாள் சில்டன் மாரடைப்பால் இறந்தார். மூன்று நாள் கழித்து ஆஸ்டின் நகரில் அக்குழுவின் கச்சேரி நடக்க இருந்தது. அது அஞ்சலிக் கூட்டமாக மாறியது. அதே ஆண்டு ஜூலையில் ஹம்மலும் மறைந்தார். எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்த ஜான் ஃப்ரை 2014 டிசம்பரில் காலமானார். நால்வருள் எஞ்சிய ஜோடி ஸ்டீபன்ஸ், அந்த ஆர்டென்ட் கூடத்திலேயே நெடுங்காலம் நிர்வாகியாக இருந்தவர்.

கிறிஸ் பெல்லின் பாடல்கள் 1992இல், அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 'ஐ ஆம் தி காஸ்மாஸ்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. பிரான்சில் பதிவு செய்தவையும் அதில் உண்டு. அத்தொகுப்புக்குச் சகோதரர் டேவிட் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மருமகன் அதைத் தேடியெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்து முடித்தேன்.